நூலும் நெசவும்: ஒரு நிரலாளர் அச்சுக்கூடத்துக்குத் திரும்பிய வரலாறு

நிரல் என்பது கணினி செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக வகுத்துரைக்கும் கட்டளைத் தொடராகும். அது பொறிக்காக மட்டும் எழுதப்படுகிறதா, மனிதர் படிப்பதற்காகவும் எழுதப்படுகிறதா என்ற கேள்வி, இத்தொழில் உருவான 1950களில் பெரும்பாலோரை உறுத்தவில்லை. கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துப் பொறிக்குள் செலுத்துவதும், விடை தவறாக வந்தால் அட்டைக்கட்டைப் பிரித்துப் பிழை தேடுவதும், சரியாக வந்தால் அக்கட்டை அலமாரியில் வைத்து மறந்துவிடுவதுமே வழக்கமாக இருந்தது. நிரலை வாசிப்புக்குரிய எழுத்தாகக் கருதி, அதனை நூலாக அச்சேற்றி, அந்நூலை அச்சுக் கோப்பதற்கான கருவியையும் நிரலாகவே எழுதியவர் அமெரிக்கக் கணினியியலாளர் டொனால்ட் எர்வின் கனூத் ஆவார். முதன்மை நூலை முடிக்காமல் கிளைவழிகளில் காலத்தைச் செலவிட்டவர் என்று அவரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வோர் உண்டு. ஆனால் அவருடைய பணியைக் கால வரிசையில் தொடர்ந்து பார்க்கும்போது, கிளைவழி எனத் தோன்றியவையே அந்த முதன்மை நூலை அதுவாக ஆக்கின என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

கனூத் 1938 சனவரி 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் பிறந்தார். தந்தை லூதரன் திருச்சபைப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்ததோடு, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும், சிறு அளவில் அச்சுத் தொழில் நடத்துபவராகவும் விளங்கினார். பிற்காலத்தில் மகனை ஆட்கொண்ட எழுத்து, இசை, அச்சு ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே வீட்டில் முன்னமே குடியிருந்தன. எட்டாம் வகுப்பில் படித்தபோது, ஒரு மிட்டாய் நிறுவனம் தன் பண்டத்தின் பெயரிலுள்ள எழுத்துகளைக் கொண்டு எத்தனை சொற்கள் அமைக்கலாம் என்று நடத்திய போட்டியில் அவர் கலந்துகொண்டார். நடுவர்களின் பட்டியலில் ஏறத்தாழ 2,500 சொற்கள் இருக்க, அவர் பெரிய அகராதியொன்றை வைத்துக்கொண்டு 4,500 சொற்கள் வரை திரட்டிப் பரிசு பெற்றார். 1957-இல் வெளிவந்த அவருடைய முதல் அச்செழுத்தும் ஆய்வேடன்று, ‘மேட்’ என்னும் நகைச்சுவை இதழில் எழுதிய கேலி அளவை முறையே. அவ்விதழின் 26-ஆம் எண் பிரதியின் தடிமனை நீளத்தின் அடிப்படை அலகாகக் கொண்டு, எடை, பருமன் முதலிய எல்லா அளவைகளையும் முகத்தில் சிரிப்பில்லாமல் வகுத்துச்செல்லும் அந்தக் கட்டுரையில், வேடிக்கையையும் பிசகற்ற முறைமையையும் ஒன்றாகக் கட்டும் அவருடைய இயல்பு முழுமையாகத் தென்படுகிறது.

கிளீவ்லாந்து நகரத்துக் கேஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் படிக்கச் சென்ற அவர், அங்கு நிறுவப்பட்டிருந்த ஐபிஎம் 650 கணினியைக் கண்டு திசை மாறினார். சுழலும் உருளையில் பத்திலக்கச் சொற்களாக 2,000 மட்டுமே சேமிக்கக்கூடிய அந்தப் பொறி, இரவு நேரங்களில் மாணவர் கைக்கு எளிதாகக் கிட்டியது. அவர் நிரலாக்கத்தை வகுப்பில் கற்கவில்லை. பொறியின் கையேட்டிலிருந்த மாதிரி நிரல்களைப் படித்து, அவற்றைவிடச் செம்மையாகத் தம்மால் எழுத முடியும் என்று கண்டுகொண்டதே தொடக்கமாயிற்று. பிறருடைய நிரல்களை வரிவரியாகப் படிப்பது அவருக்குப் பாடமும் பொழுதுபோக்குமாக இருந்தது. குறிப்பாக, ஸ்டான் போலி எழுதிய சோப் 2 என்னும் நிரல், அதாவது மனிதர் நினைவில் கொள்ளத்தக்க குறிச்சொற்களைப் பொறியின் எண்களாக மாற்றித்தரும் மொழிமாற்றி, ஓர் இசைக்கோவையைக் கேட்ட நிறைவைத் தமக்குத் தந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒரு கல்லூரி மாணவர் இன்னொருவருடைய நிரலைக் கவிதையைப்போல் படித்து மகிழ்ந்தார் என்பது, நிரல் இலக்கியம் என்ற எண்ணம் எங்கு முளைத்தது என்பதைக் காட்டும் முக்கியமான செய்தியாகும். பின்னர் தம் பெரும் நூலின் முதல் தொகுதியை அவர் எந்த மனிதருக்கும் காணிக்கையாக்காமல், அந்த 650 கணினிக்கே காணிக்கையாக்கினார்.

அந்தப் பெரும் நூல் தோன்றியது ஒரு பதிப்பகத்தின் வேண்டுகோளால். 1962 சனவரியில், கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த 24 வயது இளைஞரிடம், உயர்மொழி நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பிகளைப் பற்றி ஒரு நூல் எழுதித்தருமாறு அடிசன்-வெஸ்லி நிறுவனம் கேட்டது. அவர் பன்னிரண்டு அத்தியாயங்களைக் கொண்ட திட்டம் ஒன்றை வகுத்தார். சில ஆண்டுகளில் பென்சிலால் எழுதிய படி ஏறத்தாழ 3,000 பக்கங்களை எட்டியது. கையெழுத்தில் ஐந்து பக்கங்கள் அச்சில் ஒரு பக்கமாகும் என்று அவர் எண்ணியிருக்க, ஒன்றரைப் பக்கமே அச்சில் ஒரு பக்கமாகும் என்று பதிப்பகத்தார் தெரிவித்தனர். ஒரே நூலாக வர வேண்டியது 2,000 பக்கங்களாக வீங்கியதால் ஏழு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ‘த ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற பெயரில் முதல் தொகுதி 1968-இலும், இரண்டாவது 1969-இலும், மூன்றாவது 1973-இலும் வெளிவந்தன. கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது, இம்மூன்று தொகுதிகள் வெளிவந்த நிலையிலேயே, 1974-இல் அவருக்கு வழங்கப்பட்டது.

நூலின் அமைப்பிலும் விளையாட்டு குறையவில்லை. எந்த நிறுவனத்தின் பொறியையும் சாராதிருக்க வேண்டும் என்பதற்காக மிக்ஸ் என்னும் கற்பனைக் கணினி ஒன்றை அவர் படைத்துக்கொண்டார். அக்காலத்துக் கணினிகள் பலவற்றின் மாதிரி எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 1009 வரும் என்றும், அதையே உரோமன் எண்ணாக எழுதினால் மிக்ஸ் என்றாகும் என்றும் விளக்கமும் தந்தார். பயிற்சிக் கணக்குகளுக்கு 0 முதல் 50 வரை கடினமதிப்பு இடப்பட்டிருந்தது. அவற்றுள் 50 பெற்றிருந்த ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் நிறுவியபின், அடுத்த பதிப்பில் அதன் மதிப்பு 45 ஆகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு கருத்தின் மூலத்தையும் அது பிறந்த மொழிவரை தேடிச்செல்லும் பழக்கமும் நூலில் உண்டு: ஃபிபோனாச்சி எண்களைச் சொல்லுமிடத்தில், ஃபிபோனாச்சிக்கு முன்பே குறில் நெடில் அடைவுகளை எண்ணிய கோபாலர், ஹேமச்சந்திரர் ஆகிய இந்திய யாப்பறிஞர்களின் பெயர்கள் இடம்பெறுகின்றன, சேர்க்கையியல் பற்றிய நான்காம் தொகுதி பிங்கலரிடமிருந்தும் நாராயண பண்டிதரிடமிருந்தும் வரலாற்றை எடுத்துக்கொள்கிறது.

நூலில் பிழை கண்டு முதலில் தெரிவிப்பவருக்குக் காசோலை அனுப்பும் வழக்கத்தையும் அவர் தோற்றுவித்தார். பரிசுத்தொகை 2 டாலர் 56 சென்ட் என்று நிலைபெற்றது. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 256 என்பது 100 என எழுதப்படுவதால், 256 சென்ட் ஒரு ‘பதினாறடி டாலர்’ ஆகும் என்பது அவருடைய கணக்கு. பெற்றவர்களில் பலர் காசோலையை வங்கியில் செலுத்தாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். அதன் படங்கள் பரவிக் கணக்கெண் மோசடிக்கு வழிவகுத்ததால், 2008 முதல் சான் செரிஃப் என்னும் கற்பனைத் தீவின் வங்கிச் சான்றிதழே அனுப்பப்படுகிறது. மெய்ப்புப் பார்ப்பவருக்கு உலகில் வேறெந்த நூலாசிரியரும் இத்தனை மதிப்பளித்ததாகத் தெரியவில்லை.

முதல் பதிப்புகள் மோனோடைப் முறையில் அச்சுக் கோக்கப்பட்டவை. விசைப்பலகையில் தட்டத்தட்டக் காகிதச் சுருளில் துளைகள் விழும். அச்சுருளைப் படித்து வார்ப்புப் பொறி ஒவ்வோர் எழுத்தையும் உருகிய ஈயத்தில் தனித்தனியே வார்த்து வரிசைப்படுத்தும். மேலெழுத்தும் கீழெழுத்தும் பின்னங்களும் நிறைந்த கணிதப் பக்கத்துக்குத் தேர்ந்த தொழிலாளியின் கைவேலையும் கூடுதலாக வேண்டியிருந்தது. 1970களில் ஈய அச்சு வழக்கொழிந்து, எழுத்துருவங்களை ஒளியால் படச்சுருளில் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு அதன் இடத்தைப் பிடித்தது. 1977 மார்ச்சில் இரண்டாம் தொகுதியின் திருத்திய பதிப்புக்கான மெய்ப்புகள் புதிய முறையில் அமைந்து வந்தபோது, எழுத்துகளின் வடிவும் இடைவெளியும் முதல் பதிப்பின் அழகிலிருந்து வெகுவாகத் தாழ்ந்திருப்பதைக் கனூத் கண்டார். அதற்குச் சற்று முன்னரே, எண்ணியல் பொறியில் அச்சுக் கோக்கப்பட்ட வேறொரு நூலின் மெய்ப்புகள் அவர் பார்வைக்கு வந்திருந்தன. அம்முறையில் பக்கம் என்பது மை விழும் புள்ளியும் விழாத புள்ளியுமாகிய ஒன்று, சுழி ஆகியவற்றின் பெரிய கட்டம் மட்டுமே. ஒன்றும் சுழியும் நிரலாளரின் ஆட்சிப்பரப்பு ஆகையால், அச்சு இனி உலோகவியலாரின் தொழிலன்று, தம் தொழிலே என்று அவர் முடிவுசெய்தார். 1977 மே மாதத்தில் புதிய கருவியின் வரைவை எழுதினார். ஓராண்டில் முடித்துவிட்டு நூலுக்குத் திரும்புவதாகத் திட்டம், பத்தாண்டுகள் பிடித்தன.

அக்கருவியின் பெயர் டெக். கலை என்றும் கைத்தொழில் என்றும் ஒருசேரப் பொருள்படும் ‘டெக்னே’ என்னும் கிரேக்கச் சொல்லின் வேரிலிருந்து அப்பெயர் அமைந்தது. ஆய கலைகள் அறுபத்து நான்கு என்ற தொகையில் கவி பாடுவதையும் கைத்தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கும் மரபினருக்கு இவ்விணைப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அறிவியலென்றும் கலையென்றும் பிரித்துப் பழகிய மேலைப் பல்கலைக்கழகச் சூழலில்தான், நூலின் தலைப்பில் ஏன் கலை என்ற சொல்லை வைத்தார் என்பதைக் கனூத் தம் டூரிங் விருது உரை முழுவதிலும் விளக்க வேண்டியிருந்தது.

டெக்கின் உள்ளமைப்பு பழைய அச்சுக்கூடத்தைக் கணக்காக மாற்றி எழுதியதே. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. ஈய எழுத்துத் துண்டுக்கு உயரம், அகலம் இருந்ததுபோல் இப்பெட்டிக்கும் உண்டு. பெட்டிகளுக்கிடையே இருப்பது பசை என்று பெயரிடப்பட்ட இடைவெளி; ஆனால் அது விரியவும் சுருங்கவும் வல்லது என்பதால் சுருள்வில் என்ற பெயரே பொருந்தும் என்பதைக் கனூத்தே ஒப்புக்கொண்டார். அச்சுக் கோப்பவர் ஸ்டிக் எனும் கைச்சட்டத்தில் ஒரு வரியை நிரப்பி, சொற்களுக்கிடையே இடைவெளித் துண்டுகளைச் செருகியோ எடுத்தோ வரியை இறுக்கியபின் அடுத்த வரிக்குச் செல்வார். முடித்த வரியை மீண்டும் தொடுவது பெரும்பாலும் இயலாது. ஆகவே முதல் நான்கு வரிகள் செவ்வையாக அமைந்து, ஐந்தாவது வரியில் சொற்கள் பல்லிளித்துக்கொண்டு நிற்கும் பத்திகள் பழைய நூல்களில் ஏராளம். மாணவர் மைக்கேல் பிளாசுடன் சேர்ந்து கனூத் வகுத்து 1981-இல் வெளியிட்ட முறையோ, பத்தியை ஒரே முழுமையாக எடுத்துக்கொள்கிறது: ஒவ்வொரு வரியும் இயல்பளவிலிருந்து எவ்வளவு நெகிழ்ந்துள்ளது, எங்கே சொல் உடைபட்டுள்ளது என்பவற்றுக்குத் தண்டமதிப்பிட்டு, மொத்தத் தண்டம் மிகக் குறையுமாறு எல்லா வரிமுறிவுகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது. இதனால் பத்தியின் கடைசிச் சொல்லை மாற்றினால் முதல் வரியின் முறிவுகூட மாறலாம். கைதேர்ந்த தொழிலாளிக்கும் நேரமில்லாமையால் எட்டாதிருந்த ஒழுங்கு இது. சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கு மற்றொரு மாணவரான ஃபிராங்க் லியாங், அகராதியை முழுவதும் சேமிக்காமல், சிற்றெழுத்துக்கோவைகளின் வடிவங்களைக்கொண்டே கண்டறியும் முறையை 1983-இல் தம் ஆய்வேட்டில் அளித்தார்.

எழுத்துருக்களை வரைவதற்கென மெட்டாஃபாண்ட் என்னும் துணைக்கருவியும் எழுதப்பட்டது. இது எழுத்தைப் படமாகச் சேமிப்பதன்று; எழுதுகோல் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு எவ்வளைவில் செல்ல வேண்டும் என்பதைச் சமன்பாடுகளாகச் சொல்வது. பிற எழுத்துகள் ஓரளவு பணிந்தபோது, ஆங்கிலத்து எஸ் மட்டும் நாள்கணக்கில் முரண்டு பிடித்தது. கணவரின் திண்டாட்டத்தைக் கண்ட அவருடைய மனைவி ஜில், அதை எஸ் வடிவத்தில் வரைந்தால் போதாதா என்று கேட்டதாகச் சொல்வார்கள். அவ்வோர் எழுத்தின் வளைவுக்கெனவே கனூத் தனிக் கட்டுரை ஒன்றை 1980-இல் வெளியிட்டார்.

டெக்கை 1980களின் தொடக்கத்தில் முழுவதும் மாற்றி எழுதியபோதுதான், நிரல் வாசிப்புக்குரியது என்ற கருத்து முறைமையாக வடிவம் பெற்றது. ‘இலக்கிய நிரலாக்கம்’ என்று 1984-இல் அவர் பெயரிட்ட அம்முறையில், நிரலாளர் பொறி கேட்கும் வரிசையில் எழுதாமல், மனிதர் புரிந்துகொள்ளும் வரிசையில் விளக்க உரையும் கட்டளையும் கலந்து ஒரே கோப்பாக எழுதுவார். வெப் என்று பெயரிடப்பட்ட கருவியின் ஒரு பகுதி, அக்கோப்பிலிருந்து கட்டளைகளை மட்டும் உருவிப் பொறிக்கேற்ற வரிசையில் சிக்கலாக்கித் தரும். மறுபகுதி அதே கோப்பை அச்சிடத்தக்க நூலாக நெய்து தரும். பனுவலையும் நூற்கும் இழையையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழுக்கு இவ்வுருவகம் பழையது: நன்னூல் பாயிரம், சொல்லைப் பஞ்சாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து நூலுக்குப் பெயர்க்காரணம் கூறுகிறது. 1986-இல் ‘டெக்: த புரோகிராம்’ என்ற தலைப்பில் நிரல் முழுவதும் தடித்த நூலாக வெளிவந்தது. பிழைகளும் மறைக்கப்படவில்லை, 1978 முதல் தாம் திருத்திய ஒவ்வொரு பிழையையும் நாட்குறிப்பில் பதிந்துவந்த அவர், எண்ணூறுக்கும் மேற்பட்ட அப்பிழைகளை மறதி, எழுத்துப்பிழை, எதிர்பாராமை என்றெல்லாம் வகைபிரித்து 1989-இல் வெளியிட்டார்.

டெக் உலகெங்கும் பரவியது. இலக்கிய நிரலாக்கம் பரவவில்லை. காரணம் எளியது. டெக்கைப் பயன்படுத்த ஆசிரியர் கட்டுரையை மட்டும் எழுதினால் போதும், ஆனால் இலக்கிய நிரலாக்கத்துக்கு ஒருவரே நல்ல நிரலாளராகவும் நல்ல உரைநடையாளராகவும் இருந்தாக வேண்டும். தொழிலோ, நாளுக்கு நாள் பலர் கைவைத்து மாற்றும் கூட்டுவேலையாக மாறிக்கொண்டிருந்தது. பலர் சேர்ந்து உரை எழுதினால் அது உரையாக நிற்பதில்லை என்பதைக் குழுவாக அறிக்கை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

டெக்கின் பரவலுக்கு அதன் விலையின்மையும் உதவியது. கனூத் அதனை இலவசமாக அளித்து, மாற்றிய வடிவத்துக்கு டெக் என்று பெயரிடலாகாது என்ற ஒன்றை மட்டுமே வலியுறுத்தினார். லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் எழுதிய லாடெக், கட்டளைகளை எளிமையாக்கிக் கணிதம், இயற்பியல் ஆகிய துறைகளின் பொதுமொழியாயிற்று. மேலை நாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்தபோது, ஈய எழுத்தைக் கையாளும் தொழில் மறைந்துகொண்டிருந்த ஊர்களிலேயே டெக் அறிந்த இளைஞர்கள் புதிய அச்சுக் கோப்பவர்களாயினர்; பன்னாட்டு டெக் பயனர் மாநாடு 2002-இல் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. தமிழ் எழுத்து மட்டும் டெக்குக்கு எளிதில் பணியவில்லை. மெய்க்கு முன் நிற்கும் கொம்பும் இருபுறமும் சூழும் ஒகரக் குறியும், பெட்டிகளை ஒலி வரிசையில் அடுக்கும் முறைக்குப் பொருந்தாதவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெட்டாஃபாண்டால் உருவான தமிழ் எழுத்துரு முதலியன முன்னோடிகளாக நின்றாலும், ஒருங்குறியை நேரடியாகப் படிக்கும் சீடெக் 2004-இல் ஜோனதன் கியூவால் வெளியிடப்பட்ட பிறகே தமிழைத் தமிழாகத் தட்டி அச்சுக் கோப்பது இயல்பாயிற்று.

ஓய்வுநேர ஈடுபாடுகளிலும் இதே கைமுறை தொடர்ந்தது. பெரிய தரவிலிருந்து சிறு மாதிரியை எடுத்து முழுமையை மதிப்பிடும் புள்ளியியல் முறையை விவிலியத்தில் பயன்படுத்தி, ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்றாம் அதிகாரத்தின் 16-ஆம் வசனத்தை மட்டும் ஆழ்ந்து படித்து, ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தோவியர் வரைய, எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃபின் துணையோடு ‘3:16’ என்னும் நூலாக்கினார். தாம் பேராசிரியராக இருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து வீட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட ஆர்கனை நிறுவி வாசித்தார். ஆர்கனுக்காக அவர் இயற்றிய நீண்ட இசைக்கோவை, 2018-இல் அவருடைய எண்பதாம் பிறந்தநாளன்று சுவீடன் நாட்டுப் பித்தியோ நகரில் அரங்கேறியது. சாய்சதுர வடிவச் சாலைக் குறிப் பலகைகளை மனைவியுடன் ஊர் ஊராகப் படமெடுத்துச் சேர்த்தார். குகைக்குள் புதையல் தேடும் பழைய கணினி விளையாட்டு ஒன்றை எடுத்து, படித்து இன்புறத்தக்க இலக்கிய நிரலாக மாற்றி எழுதினார். இவற்றில் ஒன்றையேனும் அரைகுறையாக விட்டார் என்று சொல்வதற்கில்லை.

1990 சனவரி முதல் நாளில் மின்னஞ்சலைக் கைவிட்ட கனூத், நூலை முடிப்பதற்காகவே பேராசிரியர் பணியிலிருந்து முன்கூட்டி ஓய்வு பெற்றார். ‘கணினி நிரலாக்கக் கலைப் பேராசிரியர்’ என்று நூலின் பெயரையே அவருடைய பதவிப்பெயராக ஸ்டான்ஃபோர்டு வழங்கியது. டெக்கின் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் வட்டமாறிலியான பையின் அடுத்த இலக்கத்தைப் பெறுகிறது. 2021-இல் அது 3.141592653 ஆயிற்று, தம் மறைவுக்குப்பின் பதிப்பெண்ணைப் பை என்றே நிறுத்திவிட வேண்டும், எஞ்சும் பிழைகள் அனைத்தும் அன்றுமுதல் இயல்புகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011-இலும் அடுத்த பகுதி 2022-இலும் வெளிவந்தன. 1962-இல் வகுத்த பன்னிரண்டு அத்தியாயங்களில் ஏழாம் அத்தியாயம் அவற்றில் முடியவில்லை.